பச்சை லாரிக்குள் ஒரு நீல லாரி

அபிகாயிலின் சித்தி பிளஸ்ஸி ஒரு லாரி வாங்கப் போவதாகச் சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. சித்தி கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு, சக்கரம் வைத்த ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தப் போகிறேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஜனவரி மாதத்தில் ஒரு மாலை, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் அவர்கள் இருக்கும் தெருவுக்குள் தடதடவென்று ஒரு பச்சை லாரி நுழைந்தது. தெரு நாய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. லாரியை ஓட்டி வந்தது சித்தியேதான்.

அது படையில் ஓடி ஓய்ந்து, ஏலத்தில் விடப்பட்ட பழைய லாரி. ஏலத்தில் எடுத்து விற்கும் வியாபாரி ஒருவரிடம் சித்தி அதை வாங்கியிருந்தார். "கார்கில் போருக்குப் போன லாரி மேடம் இது" என்று சொல்லித்தான் அவர் விற்றாராம். பின்கதவில் உள்ளங்கை அளவில் ஒரு பள்ளம் இருந்தது. அது குண்டு பட்ட இடம் என்றும் சொன்னாராம். சித்தி போகும்போதும் வரும்போதும் அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் குறை.

லாரி வந்துவிட்டது. எங்கே நிறுத்துவது? தெருமுனையில் ஒரு காலி மனை இருந்தது. அது குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் சொந்தமானது. சங்கத்தின் செயலாளர் ராஜாராமன் அங்கிள். காலனிக்குப் புதிதாக ஒரு காக்கை வந்தால்கூட அவரிடம் அனுமதி வாங்கித்தான் கரைய வேண்டும் என்று அபியின் அப்பா சொல்வார்.

அங்கிள் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூக்கைச் சுளித்தார். எண்ணெய் ஒழுகும், பாம்பு வந்து படுக்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று அடுக்கினார். கடைசியாக, எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"நீங்கல்லாம் வெள்ளத்துக்கு அப்புறம் வந்தவங்க. உங்களுக்கு இந்த ஏரியா பத்தித் தெரியாது."

அந்தக் காலனியில் இரண்டே வகை மனிதர்கள். 2015 வெள்ளத்தில் இருந்தவர்கள், வெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்கள். பழைய வீடுகளின் கேட் தூண்களில், தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு பெயின்ட் கோடு இருக்கும். அஸ்தினாபுரத்திலிருந்து பிறகு குடிவந்த அபியின் வீட்டுத் தூணில் கோடு கிடையாது. மழை கொஞ்சம் வலுத்தால் போதும், பழையவர்கள் கூடி நின்று வெள்ளக் கதை பேசத் தொடங்கிவிடுவார்கள். புதியவர்கள் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கேட்டுக் கேட்டு அபிக்கு எல்லாக் கதையும் மனப்பாடம்.

சித்தி மெதுவாக, "இது கார்கில் லாரி சார்" என்றார்.

அங்கிளின் முதுகு நிமிர்ந்தது. சுளித்த மூக்கு நேரானது. லாரிக்கு முன்னால் போய் நின்று ஒரு சல்யூட் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் அனுமதி கொடுத்துவிடலாம், குடியரசு தினத்தன்று இந்த லாரிக்கு முன்னால்தான் கொடியேற்றம், அன்றே கடையையும் திறந்துவிடலாம் என்று மளமளவென்று திட்டம் போட்டார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்கம்மா. கார்கில் லாரிங்கிறதாலதான் சம்மதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சிக்கல் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்தது. இந்தப் பச்சை நிறம் படைகளுக்கு மட்டுமே உரியது, மற்றவர்கள் வண்டிக்கு அடிக்கக் கூடாது, நிறத்தை மாற்றிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பெயின்டர் ஏகநாதன் அண்ணா உப்புத்தாளும் வாளியுமாக வந்து சேர்ந்தார். நாளை முதல் வேலை என்றார்.

அன்று மாலை அபியும் பக்கத்து வீட்டு எழிலும் லாரியைச் சுற்றி வந்தார்கள். எழில் அவள் வகுப்புதான். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். எழிலுக்கு வண்டி நம்பர்கள் மேல் பைத்தியம். எந்த டீச்சரின் ஸ்கூட்டர் என்ன நம்பர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வாய்ப்பாடுதான் அவனுக்கு வராது.

முன்பக்க பம்பரைச் சாய்வாகப் பார்த்த எழில், "அபி, இங்க ஒரு நம்பர் கீழ ஒளிஞ்சிருக்கு" என்றான். பழைய எழுத்துகளின் மேலேயே தடிமனாகப் பச்சையைப் பூசியிருந்தார்கள். மேடு மட்டும் லேசாகத் தெரிந்தது. படிக்க முடியவில்லை.

அபி ஓடிப்போய்ப் பழைய காலண்டர் தாள் ஒன்றும் பென்சிலும் கொண்டு வந்தாள். காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் காசு அப்படியே பதியுமே, அதே வித்தைதான். பம்பரில் தாளை அழுத்திப் பிடித்துத் தேய்க்கத் தேய்க்க, முதலில் மேல்நோக்கிய ஓர் அம்பு வந்தது. அதன் பக்கத்தில் பூஜ்யமும் ஒன்றும் வந்தன. பிறகு ஓர் எழுத்து, சில எண்கள்.

எழிலின் முகம் மலர்ந்து, உடனே வாடியது.

"படை வண்டிங்க நம்பர்ல அம்பு இருக்கும். அம்புக்குப் பக்கத்துல இருக்கிற ரெண்டு நம்பர் வண்டி சேர்ந்த வருஷம். அப்படின்னா இது ரெண்டாயிரத்து ஒண்ணு."

கார்கில் போர் 1999 என்று இருவரும் பள்ளியில் படித்திருந்தார்கள். எழிலுக்கே இந்தக் கணக்கு வந்துவிட்டது. போர் நடந்தபோது இந்த லாரி பிறக்கவே இல்லை.

எழில் தாழ்ந்த குரலில், நாளைக்கு ஏகநாதன் அண்ணா இந்த இடத்தைத் தேய்த்துவிடுவார், நாம் சொல்லாவிட்டால் யாருக்குமே தெரியாது என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். அதனாலேயே அபிக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. சித்தி இதுவரை தெரியாமல் சொன்னார். இனிமேல் அபிக்குத் தெரியும். கொடிக்கு முன்னால் நின்று சித்தி ஊர் முழுக்கக் கேட்க ஒரு பொய்யைச் சொல்வதும், தான் கைதட்டுவதும் அவள் மனக்கண்ணில் ஓடின. தாளை எடுத்துக்கொண்டு சித்தியிடம் போனாள்.

சித்தி தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வியாபாரிக்குப் போன் செய்தார். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கார்கில் இல்லன்னா வேற ஏதாவது ஒரு போர் பேரைச் சொல்லிக்கோங்க மேடம்" என்றார். சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்த பிறகு பார்த்தால் கண் கலங்கியிருந்தது.

"கூட்டத்துல நானே உண்மையைச் சொல்லிடறேன் அபி. அங்கிள் இடம் தர மாட்டார். வேற இடமும் இல்ல. லாரியை அந்த ஆள்கிட்டயே திருப்பிக் குடுக்கணும். அவர் உடைச்சு இரும்பா வித்துடுவார்."

ஆனாலும் ஒரு கேள்வி அபியை விடவில்லை. "கார்கிலுக்குப் போகல, சரி. இத்தனை வருஷம் இது சும்மாவா நின்னிருக்கும்? எங்கயாவது போயிருக்கும்ல சித்தி? அதைக் கண்டுபிடிக்கலாம்."

கூட்டத்துக்கு இருந்தது ஒரே ஒரு நாள். சனிக்கிழமை காலையிலேயே அபி உப்புத்தாளும் கையுமாக நின்றாள். கதவுகளை மெஷின் வைத்துத் தேய்க்க வேண்டாம், நாங்களே கையால் தேய்க்கிறோம் என்று ஏகநாதன் அண்ணாவிடம் கேட்டுக்கொண்டாள்.

"இன்னா பாப்பா, லாரிக்கு மூஞ்சி கழுவி உடப் போறியா?" என்று சிரித்தார் அவர். "தண்ணி தொட்டுக்கினு மெதுவா தேய். மேல் பெயின்ட் மட்டும் போவும்."

கை வலிக்க வலிக்கத் தேய்த்தார்கள். பச்சை கரைந்து வாளியில் ஓடியது. அதன் அடியில் இருந்து எட்டிப் பார்த்தது நீலம். இன்னும் தேய்த்தபோது கதவின் நடுவில் ஒரு வட்டம் வந்தது. வெளியே காவி, அடுத்து வெள்ளை, நடுவில் பச்சை.

"இது ராணுவம் இல்ல, ஏர்ஃபோர்ஸ்" என்றான் எழில். தலைக்கு மேல் பறக்கும் பயிற்சி விமானங்களில் அந்த வட்டத்தை அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். ராணுவ லாரி என்று நம்ப வைக்கத்தான் வியாபாரி மேலே பச்சையை அடித்திருக்கிறார்.

வட்டத்துக்குக் கீழே தேய்ந்துபோன ஆங்கில எழுத்துகள் இருந்தன. அபி ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். விமானப்படை நிலையம், தாம்பரம்.

தாம்பரமா, நம் தாம்பரமா என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த ஊர் ஏலத்துக்கோ போய், யார் யார் கைக்கோ மாறி, லாரி தன் பழைய வீட்டுப் பக்கமே வந்து சேர்ந்திருக்கிறது.

சந்தோஷத்தில் குதித்த எழில் பாதியில் நின்றான். தாம்பரத்தில் ஏர்ஃபோர்ஸ் லாரி ஓடுவதில் என்ன அதிசயம், கேன்டீனுக்கு உருளைக்கிழங்கு ஏற்றிப் போயிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. உருளைக்கிழங்கு லாரிக்கு ராஜாராமன் அங்கிள் சல்யூட் அடிக்க மாட்டார்.

அப்போது ஏகநாதன் அண்ணா பின்பக்கத்திலிருந்து சுத்தியலோடு குரல் கொடுத்தார். "குண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தப் பள்ளத்தத் தட்டி நேராக்கிடவா சிஸ்டர்?"

சித்தி சரி என்று சொல்ல வாயெடுத்தார். அபி ஓடிப்போய்ப் பள்ளத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். குண்டு இல்லை என்றால், பிறகு இது என்ன?

விரலால் தடவிப் பார்த்தாள். பள்ளம் வட்டமாக இருந்தது. ஆனால் ஓர் ஓரத்தில் மட்டும் வட்டம் மூளியாகி உள்ளே வந்தது. பச்சை தேய்ந்துபோன பள்ளத்துக்குள் நீல பெயின்ட் விரிசல் விட்டிருந்தது. அப்படியென்றால் லாரி நீலமாக இருந்தபோதே, தாம்பரத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே பட்ட அடி இது.

நீல லாரி. இந்த வார்த்தையை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அபிக்குத் தோன்றியது. மழை நாளில், தெருவில், திரும்பத் திரும்பக் கேட்ட வார்த்தை.

மாமியின் வெள்ளக் கதை!

மாமி என்றால் ராஜாராமன் அங்கிளின் மனைவி. பெயர் அபிதகுஜாம்பாள். அதனால் அவரும் ஓர் அபிதான். "என் பேர்ல முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு" என்று அபியைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். மாமியின் கதை இதுதான். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது ஒரு நீல லாரி தெருவுக்குள் வந்தது. எல்லோரும் நகை, சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டு ஏறினார்கள். மாமி எடுத்துக்கொண்டது அம்மிக்குழவியை மட்டும். "அம்மி கனம், இருக்கிற இடத்துலயே இருக்கும். குழவி உருண்டு போயிடுமே" என்பது அவர் கணக்கு. லாரியில் ஏறும்போது குழவி கைநழுவி, கீழே இறக்கியிருந்த பின்கதவின் மேல் டங்கென்று விழுந்தது. எடுத்துக் கொடுத்த வீரர் இது என்ன என்று இந்தியில் கேட்டார். மாமி தனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையில் பதில் சொன்னார். "சட்னி."

அபி வீட்டுக்குள் ஓடினாள். சித்தி பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் ஒரு பெரிய உருண்டையை எடுத்து, எண்ணெய் தடவி, பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். பிய்ந்துபோகாமல் மெல்ல எடுத்தாள். பள்ளத்தின் அச்சு மாவில் அப்படியே இருந்தது. அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு மாமி வீட்டுக்கு நடந்தாள்.

சமையலறையில் அம்மி மேல் குழவி படுத்திருந்தது. ஒரு முனை ஓரத்தில் மூளி. கல்யாணச் சீர் வண்டியிலிருந்து இறக்கும்போதே மாமியின் தம்பி கீழே போட்டு உடைத்ததாம். அபி மாவை அந்த முனையோடு சேர்த்து வைத்தாள். வட்டத்தோடு வட்டம் சேர்ந்தது. மூளியோடு மூளி சேர்ந்தது.

"என்னடி அபி, சப்பாத்தி மாவை எதுக்கு என் குழவிக்கு ஒட்டறே?" என்று கேட்டபடி மாமி வந்தார்.

அபி எல்லாவற்றையும் சொன்னாள். மாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறு நிமிடம் எழுந்து, இப்போதே தெருவில் போய்ச் சொல்கிறேன் என்று புறப்பட்டார். அபி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு வரைக்கும் பொறுங்க மாமி. சித்தி முதல்ல கார்கில் இல்லன்னு சொல்லட்டும். அதை மறைச்சிட்டு இதைச் சொன்னா நல்லா இருக்காது."

"ஒரு நாள் முழுக்க நான் வாயை மூடிண்டு இருக்கணுமா?" என்றார் மாமி. அதைவிட வெள்ளத்திலேயே நின்றிருக்கலாம் என்பதுபோல இருந்தது அவர் முகம். ஆனாலும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலி மனையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். லாரியைத் தார்ப்பாய் மூடியிருந்தது. அங்கிள் கம்பீரமாக எழுந்து கார்கில் என்று தொடங்கும் முன்பே சித்தி எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க சார். இது கார்கிலுக்குப் போன லாரி இல்ல. எங்கிட்ட சொன்னது பொய்னு இப்பத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சப்புறம் மறைக்க எனக்கு இஷ்டம் இல்ல."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி, ஆனால் பழைய இரும்புக்கு எல்லாம் சங்கத்து இடத்தைத் தர முடியாது என்றார். சித்தி தலையைக் குனிந்துகொண்டார்.

அபி எழுந்தாள்.

"அங்கிள், வெள்ளத்தப்ப நீங்க எப்படி வெளிய வந்தீங்க?"

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அங்கிளால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. கூட்டத்தை மறந்துவிட்டார். ஏரி உடைந்ததிலிருந்து ஆரம்பித்தார். தண்ணீர் ஏறியது, கரண்ட் போனது, மொட்டை மாடியில் நின்று கத்தியது எல்லாம் வந்தது.

"அப்பத்தான் ஒரு லாரி தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு வந்துது..."

"என்ன கலர் அங்கிள்?"

"நீலம்" என்றார் அங்கிள்.

எழிலும் ஏகநாதன் அண்ணாவும் தார்ப்பாயை இழுத்தார்கள். காலை வெயிலில் நீல லாரி நின்றது. கதவில் அந்த வட்டம், அதன் கீழே தாம்பரம் என்ற பெயர்.

மாமி துணிப்பையோடு எழுந்து வந்தார். குழவியை இரண்டு கைகளாலும் எடுத்து, கீழே இறக்கியிருந்த பின்கதவின் பள்ளத்தில் வைத்தார். அது தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"டங்குன்னு விழுந்துதுன்னு நான் சொன்னப்பல்லாம் சிரிச்சேளே. இப்பப் பாருங்கோ" என்றார் மாமி.

அவ்வளவுதான், பழையவர்கள் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். ஒருவர் தான் உட்கார்ந்து வந்த மூலையைக் காட்டினார். ஓர் அம்மா, தன் கைக்குழந்தையை வாங்கி வைத்துக்கொண்ட வீரரைப் பற்றிச் சொல்லும்போதே அழுதுவிட்டார். அந்தக் கைக்குழந்தை இப்போது ஐந்தாம் வகுப்பு. அவன் லாரி மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான்.

அங்கிள் மட்டும் தனியாக நின்றார்.

"இவர் என்ன எடுத்துண்டு வந்தார்னு கேளுங்கோ" என்றார் மாமி. "வீடு பூரா தண்ணி. இவர் கையில டிவி ரிமோட்."

தெருவே சிரித்தது. அங்கிளும் சிரித்தார். பிறகு லாரியின் பக்கத்தில் போய்க் கதவைத் தொட்டார்.

"அன்னிக்கு இறங்கினதும் ஓடிட்டேன். ஒரு நன்றிகூடச் சொல்லல" என்றார். பின்னால் தள்ளி நின்று மறுபடி ஒரு சல்யூட் வைத்தார். போன தடவை மாதிரி அவசரமாக இல்லை. கை இறங்க நேரமானது.

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இது வெள்ளத்துக்கு அப்புறம் வந்த லாரி இல்ல. வெள்ளத்தோட வந்த லாரி. இதுக்கு இங்க இடம் இல்லன்னா வேற யாருக்கு இருக்கு?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. சித்தி அபியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவர் கன்னத்து ஈரம் அபியின் தலைமுடியில் ஒட்டியது.

லாரிக்குப் புது நீலம் அடித்தார்கள். அந்த வட்டம் விமானப்படைக்கு உரியது என்பதால் அதை ஏகநாதன் அண்ணா பக்குவமாக மூடினார். பள்ளத்தின் பக்கம் சுத்தியலைக் கொண்டுபோக மாமி அவரை விடவே இல்லை. ராஜாராமன் அங்கிள் தன் கேட் தூணிலிருந்து அளவெடுத்து வந்து, அதே உயரத்தில் லாரியின் மேல் ஒரு மஞ்சள் கோடு போடச் சொன்னார். பழைய வீடுகளுக்கு எல்லாம் உள்ள கோடு. அபி பென்சிலால் தேய்த்தெடுத்த அம்பு, கண்ணாடிச் சட்டத்துக்குள் லாரியின் உள்ளே தொங்கியது.

குடியரசு தினத்தன்று கொடி ஏறியது, கடையும் திறந்தது. பிரியாணி, கேக், அதோடு மாமியின் தேங்காய்த் துவையல். எழில் ஒரே நேரத்தில் மூன்றையும் சாப்பிட்டுக்கொண்டு, வரிசையில் நின்ற வண்டிகளின் நம்பர்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

பெருங்களத்தூரிலிருந்து வந்த ஒருவர் பின்கதவைப் பார்த்துவிட்டு, இது குண்டு பட்ட இடமா என்று கேட்டார்.

ராஜாராமன் அங்கிள் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "குண்டா? எங்க வீட்டுக் குழவி பட்ட இடம் சார் அது."